ஆறடிக் காற்று

ஒருவர் கிட்டாரை மடியில் வைத்து வாசிக்கிறார். ஆறடி தள்ளி உட்கார்ந்து நாம் கேட்கிறோம். இயல்பான கிட்டார் ஓசை என்று நாம் சொல்வது அந்த இடத்தில் கேட்பதைத்தான். அதில் தந்தி மட்டும் இல்லை. மேற்பலகையின் அதிர்வு, வட்டத் துளையில் புகுந்து புறப்படும் காற்று, பின்பலகையின் முனகல், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாம் அந்த ஆறடிக்குள் கலந்து ஒன்றாகி வருகின்றன. இருநூறு பேர் சேர்ந்து பாடும் ஆலயத்தில் இந்த ஓசையைக் கடைசி வரிசை வரை கொண்டுபோவது எப்படி? ஆரணி போன்ற ஓர் ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதற்கு இருந்த வழியும் இன்று இருக்கும் வழியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது.

ஆரணியில் கிறிஸ்தவப் பாட்டு கிட்டாரைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் பழைய நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. அதே ஆண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றுள் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றியவை. இராகமும் தாளமும் தலைப்பில் குறித்த கீர்த்தனை ஒரு பக்கம், மேலைநாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு ஒரு பக்கம் என்று இரண்டும் சபைக்குள் சேர்ந்தே வளர்ந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று, 1976இல் வேலூர் பேராயம் பிரிந்தது. இரண்டு வகைப் பாட்டும் அப்படியே தொடர்ந்தன.

துணைக்கு இருந்தது ஆர்மோனியம். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்திருந்தது. ஆலயங்களில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆர்மோனியத்துக்கு மின்சாரமும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். அதன் நாக்குகள் எழுப்பும் ஓசை நூறு குரல்களையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கிட்டாருக்கு அந்தக் கூர்மை கிடையாது. பத்துப் பேர் பாடினால் கூடவே ஒலிக்கும், ஐம்பது பேர் பாடினால் காணாமல் போய்விடும்.

அந்தக் கிட்டார் ஆலயத்துக்குள் வந்தது வாலிபர் கூட்டங்களின் வழியாக. 1970களிலும் 80களிலும் முகாம்களில் ஆர்மோனியத்தைத் தூக்கிச் செல்வதைவிடக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொள்வது எளிதாக இருந்தது. சினிமாவும் ஆசை காட்டியது. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ஒரு பாட்டின் முகப்பில் வரும் கிட்டாரை வாசித்துப் பார்க்காத இளைஞர் அன்று கிட்டார் வைத்திருந்தவர்களில் இருந்திருக்க மாட்டார். கருவி பெரும்பாலும் கல்கத்தாவில் செய்தது. கிவ்சன், கிப்டோன் என்ற பெயர்கள் வழங்கின. வாங்கச் சென்னைக்குப் போக வேண்டும். அண்ணா சாலையில் 1842 முதல் இருந்துவரும் மியூசி மியூசிகலின் கண்ணாடி வழியாக விலையுயர்ந்தவற்றைப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டுவதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். தந்தி அறுந்தால்தான் மாற்றுவார்கள். துருப்பிடித்த தந்தியின் மங்கலான ஓசைதான் பலருக்குக் கிட்டார் ஓசை என்றே பழகியிருந்தது.

கிட்டார்காரரின் முதல் சோதனை ஓசை அல்ல, சுருதி. கீர்த்தனை தொடங்குபவர் “நாலு கட்டை” என்று சொல்லிவிட்டு ஆர்மோனியத்தை அழுத்துவார். கிட்டாரில் அது எஃப். புதிதாகப் பழகுபவரின் ஆள்காட்டி விரல் ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்த முடியாமல் தவிக்கும் கார்டு அது. கழுத்தின் முதல் கட்டத்தில் கேபோ என்ற கவ்வியை மாட்டி ஈ வடிவத்தில் வாசிப்பார்கள், அல்லது மூன்றாம் கட்டத்தில் மாட்டி டி வடிவத்தில் வாசிப்பார்கள். கேபோ இல்லாதவர் பென்சிலையும் ரப்பர் பேண்டையும் வைத்துச் சமாளிப்பார். கல்யாணியிலோ தோடியிலோ அமைந்த கீர்த்தனைக்கு எந்தக் கார்டும் முழுசாக ஒட்டாது. விவரம் தெரிந்தவர்கள் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் மீட்டிவிட்டு, சங்கதி வரும் இடத்தில் கையை எடுத்துவிடுவார்கள். இன்றைய கிட்டார்காரர்களிடம் அநேகமாகக் காணாமல் போன அடக்கம் இது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் வந்த பிறகு கட்டை என்ற பேச்சே குறைந்துவிட்டது.

சரி, அன்று அந்த ஓசை எப்படிப் பின்வரிசைக்குப் போயிற்று? சுவரில் நீளவாக்கில் தொங்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், மேசைமேல் ஓர் ஆம்பிளிஃபயர், கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக். ஆம்பிளிஃபயர் பெரும்பாலும் அஹூஜா, 1940இல் தொடங்கிய தில்லி நிறுவனம். வெளிக்கூட்டம் என்றால் மைக்செட்காரர் வருவார், குழாய் ஸ்பீக்கர் மரத்தில் ஏறும். மைக் ஒன்றுதான் இருக்கும் என்றால் பாடுபவரும் கிட்டாரும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மைக் முன் வாசிப்பது தனிப் பயிற்சி. மைக்கிலிருந்து இருக்கும் தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபல் இறங்கும். அரையடி தூரத்தில் இருப்பவர் பாட்டின் உற்சாகத்தில் அரையடி பின்னால் சாய்ந்தால் போதும், கிட்டார் மறைந்துவிடும். “தம்பி, மைக்க வுட்டு நகராத” என்று பக்கத்திலிருந்து யாராவது ஒரு பெரியவர் சொல்வார். பயந்து ரொம்பக் கிட்டே போனால் வேறு ஆபத்து. கிட்டாரின் உள்ளே அடைபட்ட காற்று நொடிக்கு ஏறக்குறைய நூறு முறை அதிரும் சுபாவம் உள்ளது. வட்டத் துளைக்கு நேரே மைக்கை நீட்டினால் அந்த அதிர்வை மைக் பிடிக்கும், ஸ்பீக்கர் பெருக்கும், பெருகியது மறுபடி பலகையை ஆட்டும், ஆலயம் முழுக்க ஊளை எழும். அதனால் துளையை விட்டு விலக்கி, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி மைக்கைச் சாய்ப்பார்கள். புத்தகம் படித்துக் கற்றதல்ல, ஊளைக்குப் பயந்து கண்டது. உலகமெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டாருக்கு மைக் வைப்பவர்களும் இதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்.

ஆக, அன்று மைக் பிடித்தது உண்மையான ஓசையை. காற்றில் கலந்த கிட்டாரை அரையடி தூரத்தில் கேட்ட ஓசை. கெடுத்தது ஸ்பீக்கர். குழாய் ஸ்பீக்கரால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதையும் தர முடியாது. கிட்டாரின் ஆறு தந்திகளும் அழுத்தாமல் மீட்டும்போது தரும் அடிப்படை அதிர்வெண்கள் தடித்த தந்தியிலிருந்து சுமார் 82, 110, 147, 196, 247, 330. அதாவது ஐந்து தந்திகளின் அடிப்படைச் சுரம் வெளியே வருவதே இல்லை. மேலே ஒலிக்கும் இணைச்சுரங்களைக் கொண்டு காது கீழேயுள்ளதை ஊகித்துக்கொண்டது. தெருக்கோடியில் இருப்பவர் கேட்டது தகரத்தில் அடித்த கிட்டார். ஆனாலும் அது எந்தப் பாட்டு, எங்கே கார்டு மாறுகிறது என்பது தெரியும்.

1990களில் நிலைமை தலைகீழாயிற்று. தந்தை பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் போன்ற ஒலிநாடாக்கள் வீடுகளுக்குள் வந்தன. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்த ஆராதனை ஓசை காதுக்குப் பழகியது. சபைகள் பெரிய பெட்டி ஸ்பீக்கர்களை வாங்கின. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் வந்தது. குழாய்கள் மெல்ல இறங்கின, ஓசை கட்டடத்துக்குள் திரும்பியது. அடித்தந்தியின் 82 ஹெர்ட்ஸையும் தரக்கூடிய ஸ்பீக்கர் முதன்முதலாகச் சபைக்குக் கிடைத்தது. அப்போது பார்த்து மைக் போய், ஒயர் வந்தது.

கடைகளில் செமி அகூஸ்டிக் என்று கேட்டு வாங்கும் கிட்டார் அது. பாலத்தின் மேல் தந்திகள் உட்காரும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் பிக்கப்பாக மெல்லிய பீசோ துண்டு ஒன்று இருக்கும். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். அதைக் கிட்டாரில் பரவலாக்கியவர்களில் ஒருவர், 1966இல் ஓவேஷன் கிட்டாரைத் தொடங்கிய சார்லஸ் கமான். அவர் ஹெலிகாப்டர் செய்தவர், அதிர்வைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பீசோ வந்ததும் கிட்டார்காரருக்கு விடுதலை. எழுந்து நிற்கலாம், நடக்கலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம். ஊளையும் வெகுவாகக் குறைந்தது. அந்த நிம்மதியில் ஓசை என்னவாயிற்று என்பதைச் சில காலம் யாரும் கேட்கவில்லை.

பீசோ கேட்பது தந்தி பட்டையை அழுத்தும் விசையை. மரம் மூச்சுவிடும் முன்பே, காற்று அசையும் முன்பே, தூரம் என்று ஒன்று இல்லாத இடத்தில் கேட்கிறது. பிக் தந்தியில் படும் சொடக்கு பெரிதாகவும் அதன் பின் வரும் நிறைவு சிறிதாகவும் வருகிறது. பலமாக அடித்தால் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் மூக்கால் பேசும் வெடுவெடுப்பு. இதில் இன்னொரு கோளாறும் சேர்ந்தது. பீசோவுக்கு எதிரே இருக்கும் உள்ளீட்டுத் தடை பத்து லட்சம் ஓமாவது இருக்க வேண்டும். ப்ரீஆம்ப் என்ற முன்பெருக்கி இல்லாத பிக்கப்பைச் சில ஆயிரம் ஓம் தடையுள்ள மிக்சரில் நேரே செருகினால் அடிச்சுரம் வடிந்துபோய் மெலிந்த ஓசைதான் மிஞ்சும். பல சபைகளில் அப்படித்தான் செருகினார்கள், ஓசை மெலிந்திருக்கிறது என்று பேஸ் திருகியைக் கடைசிவரை திருப்பினார்கள். மெலிவு போகவில்லை, முழக்கம் மட்டும் கூடியது.

பட்டு நெய்யும் ஆரணியில் இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசிய ஜரிகையும் செம்புக் கம்பியில் முலாம் ஏற்றிய டெஸ்டட் ஜரிகையும் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோல் மின்னும். கையில் எடுத்து உரசினால் செம்பு தெரிந்துவிடும். பீசோவின் ஓசையும் கீபோர்டும் டிரம்ஸும் முழங்கும்போது கிட்டார் போலவே இருக்கும். எல்லாரும் நிறுத்த, கிட்டார் மட்டும் தனியாக வரும் நான்கு மாத்திரையில் குட்டு வெளிப்படும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. கிட்டார் ஓசைக்கு அப்படிக் காவல் எதுவும் கிடையாது, கேட்பவரின் காது ஒன்றுதான்.

முன்பு மைக் நல்லது, ஸ்பீக்கர் கெட்டது. பின்பு ஸ்பீக்கர் நல்லது, பிடிக்கும் இடம் கெட்டது. இரண்டு காலத்திலும் ஆலயத்தின் கடைசி வரிசைக்கு முழுக் கிட்டார் போய்ச் சேரவில்லை.

இடையில் ஒரு காலம் வந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2008க்குப் பிறகு மின்வெட்டு தமிழகத்தை வாட்டியது. 2012இல் மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. தறிப்பட்டறைகளில் விசைத்தறி நின்றது, கைத்தறி ஓடியது. ஆலயத்தில் கீபோர்டு நின்றது, கிட்டார் நிற்கவில்லை. மின்விசிறி நின்றதும் அதுவரை கேட்காத பலதும் கேட்டன. விசிறி இரைச்சல் எவ்வளவு என்பது அது நின்றபோதுதான் தெரியும். வேர்த்துக்கொண்டே சபையார் குரலைத் தணித்தார்கள், கிட்டார்காரர் நடு இடைவழிக்கு வந்து நின்று வாசித்தார். ஆண்டுக்கணக்கில் ஒயரில் கேட்ட கருவியின் சொந்தக் குரலை இளையவர்கள் சிலர் அன்றுதான் கேட்டிருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கியதும் அதுவும் முடிந்தது. அந்தப் புழுக்கத்தை யாரும் திரும்ப விரும்பமாட்டார்கள், நானும்தான்.

இன்றைய மேடையைப் பார்ப்போம். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் முதலில் டி.ஐ. பெட்டிக்குள் போகிறது. பீசோ கேட்கும் உயர்ந்த தடையை அது தருகிறது, இரைச்சல் ஏறாமல் நீண்ட கேபிளில் ஓசையை அனுப்புகிறது. 2012இல் பெரிங்கர் எக்ஸ்32 வந்த பிறகு டிஜிட்டல் மிக்சர் சிறிய சபைகளின் கைக்கும் எட்டத் தொடங்கியது. பின்வரிசையில் ஒரு பையன் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, கேட்பவர் உட்காரும் இடத்திலிருந்தே ஓசையைத் திருத்துகிறான். “அண்ணே, லோ கொஞ்சம் கட் பண்ணட்டுமா?” என்று சைகையில் கேட்கிறான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிறான், அது பேஸ் கிட்டாரின் இடம். 200ஐ ஒட்டி முழங்கும் இடத்தைச் சற்றுத் தணிக்கிறான். வெடுவெடுப்பு இருக்கும் இடத்தில் குறுகலாக ஒரு பள்ளம் தோண்டுகிறான். ஊளை வந்தால் வட்டத் துளையை அடைக்க ரப்பர் மூடி இருக்கிறது. முன்பு பேஸ், டிரெபிள் என்று இரண்டே திருகிகள். இன்று ஒரு கிட்டாருக்கு மட்டும் அத்தனை வசதி. பல இடங்களில் இவ்வளவு செய்தாலே போதும், ஓசை முக்கால்வாசி திரும்பிவிடும். கிட்டாரிலுள்ள ப்ரீஆம்பின் பேட்டரி மட்டும் புதிதாக இருக்க வேண்டும். ஜாக்கைப் பிடுங்காமல், பேட்டரியை ஓடவிட்டுச் சனிக்கிழமை ஒத்திகையை முடித்துப் போனவர், ஞாயிற்றுக்கிழமை கரகரப்போடு வாசிக்கத் தொடங்குவார்.

மீதிக் கால்வாசிக்குத்தான் கணக்கு வருகிறது. அதே கிட்டாரை ஒரு நல்ல மைக் முன்னால் வாசித்து, மைக் கேட்டதையும் பிக்கப் கேட்டதையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை ஒரு சிறு கோப்பாகச் சேமித்துக்கொள்கிறார்கள். ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நொடியில் நூறில் சில பங்கு நீளம்தான் அந்தக் கோப்பு. மேடையில் பீசோவின் ஓசை அதன் வழியாகப் போகும்போது இல்லாத மரமும் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. 2000களில் ஃபிஷ்மன் நிறுவனத்தின் ஆரா இந்த வழியைப் பரப்பியது. 2021இல் எல்.ஆர். பேக்ஸ் கொண்டுவந்த வாய்ஸ்பிரிண்ட், கைபேசியையே மைக்காக வைத்து அவரவர் கிட்டாரை அளந்துகொள்ளச் சொன்னது. அந்தப் பெட்டியின் விலை ஆராதனைக் குழுவிலுள்ள பல கிட்டார்களின் விலையைவிட அதிகம். ஆனால் கிட்டார் ஐ.ஆர். கோப்புகள் இலவசமாகவும் கிடைக்கின்றன, அவற்றை ஓடவிடும் சிறிய பெடல்களும் மலிந்துவிட்டன. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. இறக்கிக்கொண்ட கோப்பில் வேறு யாருடைய கிட்டாரோ, எந்த நாட்டு அறையோ இருக்கிறது. நெசவுத் தெருவில் தன் வீட்டு அறையில் அளந்துகொண்டவருக்கு அந்த அறையின் காற்றுதான் ஆலயம் முழுக்க விரிகிறது.

விளைவு நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விரலால் மெல்ல நெருடி வாசிப்பது, முன்பு முதல் பெஞ்சைத் தாண்டாதது, இன்று வாசலில் செருப்பு விடும் இடத்தில் நிற்பவருக்கும் கேட்கிறது. ஜெப வேளையில் பின்னணியாக ஒரே ஒரு கிட்டார் போதும் என்ற துணிவு வந்திருக்கிறது. எண்பதுகளில் அந்த மௌனத்தை ஆர்மோனியத்தை நம்பித்தான் விடுவார்கள்.

போனது எது என்று கேட்டால், நான் அளவைச் சொல்வேன். அன்று கிட்டாரின் ஓசைக்கு மேல்வரம்பு போட்டது ஊளை. அந்த வரம்பு சபையாரின் குரலுக்குச் சற்றுக் கீழே இருந்தது. கிட்டார் கேட்க வேண்டுமென்றால் பாடுபவர்கள் காது கொடுக்க வேண்டும், தாளம் தவறினால் கிட்டார்தான் அவர்களோடு சேர்ந்து வளைய வேண்டும். மூத்த அம்மாக்கள் இரண்டாம் அடியை இழுத்துப் பாடினால் கிட்டாரும் இழுத்துக்கொண்டு போகும். இன்று மேடைக்கு மேல்வரம்பு அநேகமாக இல்லை. வாசிப்பவர்களின் காதில் தாளத்தை எண்ணும் கிளிக் ஓடுகிறது, தாளம் தவறுவதில்லை, யாரும் இழுப்பதுமில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழும் அந்த நீண்ட இழுவை ஞானப்பாட்டு பாடும்போது மட்டும் எப்போதாவது தலைகாட்டுகிறது. சில ஞாயிறுகளில் சபை பாடுகிறதா, திரையில் ஓடும் வரிகளைப் படித்துக்கொண்டு நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. இதைக் கிட்டாரின் மேல் பழியாகப் போடுவது நியாயமில்லை. டிரம்ஸ் செய்ததையும் கீபோர்டு செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிட்டார்காரருக்கு இப்போது மானிட்டர் ஸ்பீக்கரும் இல்லை. இரண்டு காதிலும் இயர்போன் அடைத்துக்கொள்கிறார். கிட்டாரும் கிளிக்கும் முன்னணிப் பாடகரின் குரலும் துல்லியமாக வருகின்றன, முன்னால் நிற்கும் இருநூறு பேர் மட்டும் வருவதில்லை. அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறார்கள். மேடையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மைக்கைச் சபையை நோக்கித் திருப்பி வைத்து, அந்த ஓசையை ஸ்பீக்கருக்கு விடாமல் வாசிப்பவர்களின் காதுக்கு மட்டும் அனுப்புகிறார்கள். எவ்வளவு வேண்டும் என்பதை அவரவர் கைபேசியில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.